சருகும் சோறும் சேர்ந்தால் எரு

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற அன்பியங்களின் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

பொன்விழா மேடையில் பேசுவதற்கு எத்தனையோ நல்ல பொருள்கள் இருக்க, குப்பையைப் பற்றியா பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். விழாவும் குப்பையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. பந்தல் எங்கேயோ அங்கே இலை விழும்; விருந்து எங்கேயோ அங்கே மீதி குவியும். அந்த மீதி எங்கே போகிறது, போன இடத்தில் என்ன செய்கிறது, அதை நம் வளாகத்திலேயே எருவாக்க முடியுமா என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

நம் சமையலறையில் ஒருநாளில் சேர்வதை எண்ணிப் பார்ப்போம். காய் நறுக்கிய தோல், பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, காப்பித்தூள், தேயிலைச் சக்கை, கீரைத் தண்டு, முட்டை ஓடு, தட்டில் மீந்த சோறு, காய்ந்துபோன சப்பாத்தித் துண்டு. ஞாயிறென்றால் இவற்றோடு மீன் செதிலும் கோழி எலும்பும் சேரும். எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வாசலைத் தாண்டி வைத்துவிட்டால், நம் கணக்கில் அது தீர்ந்தது. ஆனால், அன்பர்களே, அது தீர்வதில்லை, இடம்தான் மாறுகிறது. நம் வாசலிலிருந்து நீங்கியது இன்னொருவர் வாசலுக்குப் போய்ச் சேருகிறது.

சென்னை மாநகரில் நாள் ஒன்றுக்குச் சேரும் குப்பை 5,000 டன்னுக்கும் மேல். அதில் ஏறத்தாழப் பாதி, மண்ணோடு மண்ணாக மட்கக்கூடிய கழிவு. பல பத்தாண்டுகளாக வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்கும், தென்சென்னையின் குப்பை பெருங்குடிக்கும் சென்றன. குப்பை உயரும், கோபுரம் தாழும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னது வாழ்வின் ஏற்ற இறக்கத்தை. நம் நகரத்திலோ குப்பை உண்மையிலேயே மலையாக உயர்ந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைமேட்டில் மூண்ட தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நம்மைப் போலவே பிள்ளைகுட்டிகளோடு குடியிருப்பவர்கள். அதே மேட்டின் ஓரத்தில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டதும் அதே 2022-ஆம் ஆண்டில்தான். இப்போது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலைக்கு நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவாகிறது. அள்ளிக் கொட்டியதற்கும் செலவு. கொட்டியதைத் தோண்டி எடுப்பதற்கும் செலவு!

இந்தக் கேட்டுக்கெல்லாம் வித்து எது? பிளாஸ்டிக் என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். பிளாஸ்டிக் தீமைதான், ஆனால் குப்பைமேட்டில் நாற்றம் எடுப்பது அதுவன்று. நாறுவது உணவு. ஈயையும் எலியையும் நாயையும் வரவழைப்பது உணவு. மழை பெய்தால் கறுப்புச் சாறாக ஊறி நிலத்தடி நீரைக் கெடுப்பதும் உணவுக் கழிவே. காற்றுப் புகாத ஆழத்தில் அழுகி மீத்தேன் என்னும் எரிவாயுவைக் கக்குவதும் அதுவே. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. தீப்பற்றினால் அணையாமல் எரிவதற்கும் அது துணைபோகிறது. போதாததற்கு, பழைய பேப்பர் கடையில் விலைபோகக்கூடிய தாளும் அட்டையும், சாம்பார் நனைந்துவிட்டால் காசுக்கு ஆகாமல் போகின்றன. ஆகவே, உணவுக் கழிவை மட்டும் பிரித்து நிறுத்திவிட்டால், மிச்சமுள்ளதில் ஒரு பகுதி விற்பனைச் சரக்காகிவிடும்.

இனி இன்னொரு குப்பையைப் பாருங்கள். நம் ஆலய வளாகத்திலும் தெருக்களிலும் வேம்பு, புங்கம், வாதுமை, தூங்குமூஞ்சி மரங்கள் உள்ளன. அவை நாள்தோறும் சருகை உதிர்க்கின்றன. விடியற்காலையில் பெருக்கி ஓரமாகக் குவித்து நெருப்பு வைப்பது பல தெருக்களில் வழக்கம். ஆஸ்துமாக்காரர்களுக்கும் முதியோருக்கும் அந்தப் புகை நஞ்சு. திறந்த வெளியில் குப்பையை எரிக்கக் கூடாதென்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திட்டவட்டமாகக் கூறின. இருந்தும் புகை ஓய்ந்தபாடில்லை.

அன்பர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. ஒரு பக்கம் சோற்றுக் கழிவு அழுகி நாறுகிறது. மறுபக்கம் சருகு எரிந்து புகைகிறது. தனித்தனியே இரண்டும் தொல்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் எரு!

காரணம் எளிது. கழிவை மட்கச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு இரண்டுவகை உணவு வேண்டும். ஒன்று கரிச்சத்து, அது சருகில் நிறைய உண்டு. மற்றொன்று தழைச்சத்து, அது சமையலறைக் கழிவில் உண்டு. தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிச்சத்து ஏறத்தாழ 30 பங்கு இருப்பது நுண்ணுயிர்களுக்கு உகந்தது என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. தராசும் ஆய்வுக்கூடமும் இதற்குத் தேவையில்லை. ஒரு வாளி சமையல் கழிவுக்கு ஒன்று முதல் இரண்டு வாளி காய்ந்த சருகு என்று போட்டால் போதும். சருகு கரிச்சத்தைத் தருவதோடு நில்லாமல், இடையிடையே காற்றுப் புக வழியும் விடுகிறது. காற்றோடு மட்கினால் மண்வாசனை. காற்றின்றி அழுகினால் துர்நாற்றம். குப்பைமேட்டுக்கும் எருக்குழிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

இது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை அன்று. கிராமத்தில் பிறந்தவர்களுக்கு வீட்டுக் கொல்லையின் எருக்குழி நினைவிருக்கும். ஏர் ஓட்டுவதைக் காட்டிலும் எருவிடுவதை உயர்த்திச் சொன்னவர் வள்ளுவர். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, 1924 முதல் இந்தூரில் பணிபுரிந்து, நம் நாட்டு உழவர்களின் வழக்கங்களையும் கூர்ந்து கவனித்து, அடுக்கடுக்காகக் கழிவை அமைத்துப் புரட்டிவிடும் முறையை ஒழுங்குபடுத்தினார். 1931-இல் அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் சேர்ந்து அதை நூலாக வெளியிட்டனர். ‘இந்தூர் முறை’ என்று உலகமே அதை அழைக்கிறது. 1939-இல் சி. என். ஆச்சாரியா நகரக் கழிவுகளுக்கென்று ‘பெங்களூர் முறை’யை வகுத்தார். ஆக, நகரத்துக் கழிவை எருவாக்கும் வித்தையில் நம் நாடு உலகுக்கே ஆசானாக இருந்திருக்கிறது.

சரி, பழங்கதை போதும், இக்காலத்தில் எந்த நகரத்தில் இது நடந்தது என்று கேட்பீர்கள். அண்டை மாநிலமான கேரளத்தின் ஆலப்புழையைச் சொல்லலாம். அந்நகரின் குப்பையெல்லாம் சர்வோதயபுரம் என்ற கிராமப்புற இடத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2012-இல் அவ்வூர் மக்கள், இனி உங்கள் குப்பை எங்களுக்கு வேண்டாம் என்று லாரிகளை மறித்தார்கள். நகரத்துத் தெருக்களில் குப்பை மலிந்தது. வேறொரு கிராமத்தைத் தேடி அலைவதை விட்டு, கழிவு பிறந்த இடத்திலேயே அதைத் தீர்ப்பதென்று நகரம் திரும்பியது. அப்போது அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக் அம்முயற்சிக்கு முன்னின்றார். வீடுகளில் சாணஎரிவாயுக் கலன்களும் குழாய் உரக்கலன்களும் வந்தன. இடவசதியற்ற வீடுகளுக்காகத் தெருமுனைகளில் காற்றோட்டமுள்ள பொது உரப்பெட்டிகள் கட்டப்பட்டன. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவைச் சிறப்பாகக் கையாளும் உலகின் ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைச் சுட்டிக்காட்டியது. அதே மாநிலத்தின் கொச்சியிலோ, 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியெரிந்து, நகரையே பல நாட்கள் புகையால் மூடியது. ஒரே மாநிலம், ஒரே மழை, ஒரே உணவு, வழிகள்தான் இரண்டு.

ஆலப்புழையில் பயன்பட்ட அந்தப் பொது உரப்பெட்டிக்குத் தும்பூர்முழி முறை என்று பெயர். பெட்டி ஏறக்குறைய நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம். பக்கங்களில் காற்றுப் புக இடைவெளி விட்டிருப்பார்கள். அடியில் பசுஞ்சாணம் ஓர் அடுக்கு. அதன்மேல் சருகு ஓர் அடுக்கு. அதன்மேல் சமையல் கழிவு ஓர் அடுக்கு. நிறையும்வரை இப்படியே மாறி மாறி வரும். உள்ளே வெப்பம் 60 பாகைக்கும் மேலேறி, நோய்க்கிருமிகளையும் புழுக்களையும் அழித்துவிடும். நிறைந்த பெட்டியை மூடி வைத்தால் சுமார் 90 நாட்களில் எரு முதிர்ந்துவிடும். இதற்கு மின்சாரம் வேண்டாம். பொறி எதுவும் வேண்டாம்.

நம் வளாகத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு அரைக்கிலோ உணவுக் கழிவு என்று வைத்துக்கொள்வோம். 100 வீடுகள் சேர்ந்தால் நாளைக்கு 50 கிலோ. ஆண்டுக்கு 18 டன்னுக்கும் மேல். அவ்வளவும் லாரி ஏறாமல் இங்கேயே நின்றுவிடும். ஒரு பெட்டி நிறைய இரண்டு மூன்று வாரம், முதிர மூன்று மாதம் என்று பார்த்தால், ஆறு முதல் எட்டுப் பெட்டிகள் சுழற்சிக்குப் போதுமானவை. மட்கும்போது கழிவு வற்றிச் சுருங்குவதால், போட்ட எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எருவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பெட்டியின் உடல்நலத்தை அறிய மூன்று சோதனைகள் போதும். முதலாவது, கைச்சோதனை. உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்த துணிபோல் ஈரம் தெரிய வேண்டும். நீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். இரண்டாவது, மூக்குச் சோதனை. அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள், கிளறிவிட வேண்டும். மூத்திர வாடைபோல் நெடி ஏறினால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது என்று பொருள். சருகு கூட்ட வேண்டும். மூன்றாவது, கம்பிச் சோதனை. ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டால் கை சுட வேண்டும். சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது.

எலி வராதா, ஈ மொய்க்காதா, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரமாட்டார்களா என்ற கேள்விகள் நியாயமானவை. எலிக்குச் சுற்றிலும் நெருக்கமான கம்பிவலை. ஈக்கு, ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் மேலே கனமாக ஒரு போர்வைச் சருகு. கண்ணுக்குச் சோறு தெரியக் கூடாது என்பதே சட்டம். ஞாயிறும் பண்டிகையும் வந்தால் மீனும் இறைச்சியும் மிகுதி. அன்று சாணமும் சருகும் இருமடங்காகட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மேலே கூரை வேண்டும். மழைக்காலத்தில் காய்ந்த சருகு கிடைக்காது. ஆகையால், மாசி பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும்போதே சாக்குச் சாக்காகச் சேர்த்து வைத்தல் இன்றியமையாதது. மழைக்காலத்தின் நாற்றத்தைத் தடுப்பது கோடையில் கட்டிவைத்த சாக்கு என்று சொன்னால் மிகையாகாது.

ஒரே நாளில் உரமாக்கித் தரும் மின்பொறி வாங்கிவிட்டால் என்ன என்றும் கேட்கக்கூடும். அத்தகைய பொறிகள் பல, கழிவைச் சூடாக்கி உலர்த்திப் பொடியாக்குகின்றன. பொடியானது எருவாகிவிடாது, அதை மீண்டும் சில வாரங்கள் மட்க வைத்தே செடிக்கு இட வேண்டும். மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் தனி. நம்மிடம் இடமும் சருகும் இருக்கையில், காலம் செய்கிற வேலையைக் காலத்திடமே விட்டுவிடுவது நல்லது.

ஆனால் உண்மையான சிக்கல் எலியும் அன்று, மழையும் அன்று, நம் கைகள்தாம். இதைச் சற்று வெளிப்படையாகவே பேசுவோம். குப்பையைத் தொடுவது ஒருசிலரின் பிறவித் தொழில் என்ற எண்ணம் நம் சமூகத்தின் எலும்புவரை ஊறியிருக்கிறது. ஆலயத்துக்குள் ஒரே பந்தியில் அமர்கிற நாம், ஆலயத்துக்கு வெளியே அந்த எண்ணத்தைச் செருப்போடு சேர்த்து மாட்டிக்கொள்கிறோம். சோற்றோடு உடைந்த கண்ணாடியையும், சவரத் தகட்டையும், குழந்தையின் அணையாடையையும் ஒரே பையில் கட்டிப் போட்டால், அதைப் பிரிப்பது யாருடைய கை? தூய்மைப் பணியாளரின் கை. வெட்டுப்படுவதும் அந்தக் கையே. நம் வீட்டில் நம் கையால் பிரித்தால் அது ஒரு நிமிட வேலை. நம் தட்டில் நாம் தின்ற மீதி நமக்கு அருவருப்பாக இருக்கவேண்டியதில்லை. பிரிக்காமல் அனுப்பினால் அது இன்னொருவருக்கு நாள்முழுதும் செய்யும் இழிவு. எருக்குழியை நாம் வேண்டுவது செடிக்காக மட்டுமன்று, அந்தக் கைகளுக்காகவும்தான்.

ஆகவே, இந்தப் பணியைக் கோயில்பிள்ளையின் தலையில் கூடுதல் சுமையாகக் கட்டிவிட்டு நாம் கைகழுவலாகாது. பெட்டியைக் கிளறவும் எருவைச் சலிக்கவும் ஒருவரை அமர்த்தினால், அவருக்குக் கையுறையும் காலணியும் முறையான கூலியும் தர வேண்டும். அடுக்குப் போடும் நாள்வேலையை அன்பியங்கள் முறைவைத்துச் செய்ய வேண்டும். நாற்றம் வந்தால் யாரைக் கேட்பது என்று எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். எல்லாருக்கும் பொது என்றால் எவருக்கும் சொந்தமில்லை என்றாகிவிடும். பொது உரக்குழிகள் பெரும்பாலும் பாழாவது இதனால்தான்.

திருவிழா விருந்தைப் பற்றியும் ஒரு சொல். நம்மில் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர்கள் அதை அசனம் என்பார்கள். நூறு பேருக்குமேல் கூடும் நிகழ்ச்சிகளை நடத்துவோர் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவித்து, கழிவை அங்கேயே பிரித்து ஒப்படைக்க வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறின. அது சட்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டிய காரியமன்று. நல்ல விருந்தோம்பலின் பகுதியே. வாழையிலையில் பரிமாறினால் இலையும் எருவாகும். பிளாஸ்டிக் பூசிய தாள்தட்டும் தாள்குவளையும் மட்காது. அவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவையுங்கூட. கைகழுவும் இடத்தருகே இலைக்கு ஒரு தொட்டி, மற்றவைக்கு ஒரு தொட்டி, அருகே நின்று வழிகாட்ட இரண்டு இளைஞர்கள் என்று ஏற்பாடு செய்தால் போதும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தொடாத நல்ல சோறு எருக்குழிக்குரியதன்று, பசித்த வயிற்றுக்குரியது. உணவை வீணாக எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று எடுத்துரைத்தார். 2015-இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் பற்றிய சுற்றுமடலிலும் அதை நினைவூட்டினார். அளவாகச் சமைத்தல் முதற்படி. மிஞ்சியதைச் சூடாறுமுன் பகிர்தல் இரண்டாம் படி. மனிதருக்கு உதவாததை மண்ணுக்குக் கொடுத்தல் மூன்றாம் படி. முதலிரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில் பெருமை தேடுவதில் பொருளில்லை.

விளைந்த எருவை என்ன செய்வது? மொட்டைமாடித் தொட்டிகளில் கத்தரியும் கீரையும் வளர்ப்போர் நம் பங்கில் பலர் உண்டு. பள்ளித் தோட்டம் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்து மரங்கள் இருக்கின்றன. கழிவு கொடுத்த வீட்டுக்கு ஒரு பங்கு இலவசமாகப் போகட்டும். எஞ்சியதை அடக்கவிலைக்கு விற்றுக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். தான் போட்ட வாழைப்பழத் தோல் கறுத்த மண்ணாகித் திரும்பி வருவதைக் கண்ட குழந்தைக்குப் பிறகு பிரித்துப் போடும்படி யாரும் சொல்லித்தர வேண்டியிராது.

அன்பர்களே, நாம் வேண்டுவன மூன்றே. இன்று வீடு திரும்பியதும் சமையலறையில் உணவுக் கழிவுக்கென்று மூடியுள்ள ஒரு சிறு வாளி தனியே வையுங்கள். அதில் பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். நாளைக் காலை முதல் நம் வளாகத்தில் உதிரும் சருகுக்கு யாரும் தீ வைக்க வேண்டாம்; சாக்கில் கட்டுவோம். அடுத்த அன்பியக் கூட்டங்களில் எந்த வாரம் எந்த அன்பியத்தின் முறை என்பதை எழுதிப் பங்குப் பேரவையிடம் கொடுங்கள். முதலில் இரண்டு பெட்டிகளோடு, மனமுவந்து முன்வரும் 30 வீடுகளோடு தொடங்குவோம். நாற்றமில்லாமல் மூன்று மாதம் நடத்திக் காட்டினால், மற்றவர்கள் தாமாகவே வாளியோடு வருவார்கள்.

பொன்விழாவின் நினைவாகக் கல்வெட்டுகள் வைப்பது வழக்கம். கல்வெட்டைப் படிப்பவர் சிலரே. இவ்வாண்டு முதல் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் நம் தெருவிலிருந்து ஒரு பிடி சோறும் போகவில்லை என்ற நிலையை நாம் உண்டாக்கினால், அதை எந்தக் கல்லிலும் பொறிக்க வேண்டியதில்லை. அங்கே வாழும் குடும்பங்களுக்கு நம் பெயர் தெரியாமலே போகட்டும். நம் குப்பை அவர்களுக்குத் தெரியாமல் போவதே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.